வேலைக்குப் போகும் பிள்ளையை அமெரிக்க வரிக்கணக்கில் டிபெண்டன்ட்டாகக் காட்டுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

2024 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு எங்கள் வீட்டு டாக்ஸ் ரிட்டர்னை, அதாவது ஆண்டு வரிக்கணக்கை, இணையம் வழியே இ-ஃபைல் செய்துவிட்டு நிம்மதியாகப் படுத்தேன். மறுநாள் காலையில் மின்னஞ்சல் வந்திருந்தது: ரிட்டர்ன் நிராகரிக்கப்பட்டது. என் மகனின் சோஷியல் செக்யூரிட்டி எண் ஏற்கெனவே வேறொரு ரிட்டர்னில் வந்துவிட்டதாம். யாரோ எண்ணைத் திருடிவிட்டார்கள் என்று பதறிப்போனேன்.

விசாரித்தால், அந்த ரிட்டர்னை அனுப்பியவன் அவனேதான். அப்போது அவனுக்குப் பதினாறு வயது. வார இறுதிகளில் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் வேலை பார்த்திருந்தான். சம்பளத்தில் 187 டாலர் வரியாகப் பிடித்திருந்தார்கள். "ஃபோன்லயே பதினைந்து நிமிஷத்துல திரும்ப வாங்கிடலாம்" என்று நண்பன் சொல்ல, இவனும் செய்துவிட்டான். நடுவில் ஒரு கேள்வி வந்திருக்கிறது: வேறு யாராவது உங்களை டிபெண்டன்ட்டாக (தங்களைச் சார்ந்து வாழ்பவராக) காட்ட முடியுமா? இவன் 'இல்லை' என்று அழுத்திவிட்டான். ஏன் என்று கேட்டேன். "நான்தான் சம்பாதிக்கிறேனே அப்பா, அப்புறம் எப்படி நான் டிபெண்டன்ட்?" என்றான்.

அந்த வயதுக்கு அது நியாயமான பதில்தான். அந்த ஒரு அழுத்தலால் எங்கள் ரிட்டர்னைத் தாளில் அச்சிட்டுத் தபாலில் அனுப்ப வேண்டியதாயிற்று. ரீஃபண்ட் வந்து சேர்ந்தபோது கோடை பிறந்துவிட்டது. இன்று அவனுக்கு 18 வயது, கம்யூனிட்டி காலேஜில் படிக்கிறான். மகளுக்கு 16; அவளும் போன கோடையில் ஐஸ்க்ரீம் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். இந்த இரண்டு பேரின் கணக்கையே வைத்து, 2025ஆம் ஆண்டுக்கான ரிட்டர்னை எப்படிப் போடுவது என்று படிப்படியாகச் சொல்கிறேன். கடைசி நாள் 2026 ஏப்ரல் 15.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம்

நம்மவர்கள் வீட்டில் இரண்டு கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று, "பிள்ளையின் சம்பளத்தை என் வருமானத்தோடு சேர்த்துக் காட்ட வேண்டுமா?" இந்தியாவில் மைனர் பிள்ளையின் வட்டி போன்ற வருமானத்தைப் பெற்றோர் கணக்கில் சேர்க்கும் விதி இருப்பதால் இந்தச் சந்தேகம் வருகிறது. அமெரிக்காவில் பிள்ளை உழைத்துச் சம்பாதித்தது பிள்ளையின் வருமானம். அது உங்கள் ரிட்டர்னில் எந்த வரியிலும் வராது.

இரண்டாவது, "ஐயாயிரம் டாலருக்கு மேல் சம்பாதித்தால் டிபெண்டன்ட்டாகக் காட்ட முடியாதாமே?" இது பாதி உண்மை. அதனால்தான் ஆபத்தானதும்கூட. அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ் டிபெண்டன்ட்டுகளை இரண்டு வகையாகப் பிரிக்கிறது. ஒன்று 'தகுதிபெறும் பிள்ளை', மற்றொன்று 'தகுதிபெறும் உறவினர்'. வருமான உச்சவரம்பு இரண்டாவது வகைக்கு மட்டும்தான். 2025க்கு அது 5,200 டாலர். அந்தத் தொகையை எட்டிவிட்டால் காட்ட முடியாது. முதல் வகைக்கு வருமான வரம்பே கிடையாது. பள்ளியில் படிக்கும் மகள் 6,000 சம்பாதித்தாலும் 16,000 சம்பாதித்தாலும், மற்ற விதிகளுக்குப் பொருந்தினால் அவள் உங்கள் டிபெண்டன்ட்தான். இந்த வித்தியாசம் தெரியாமல் இரண்டாயிரம் டாலருக்கு மேல் விட்டுக்கொடுத்த குடும்பங்களை எனக்கே தெரியும்.

முதல் படி: பிள்ளை தகுதி பெறுகிறாரா என்று பாருங்கள்

உறவு: மகன், மகள், வளர்ப்புப் பிள்ளை, தத்துப்பிள்ளை எல்லாரும் அடங்குவார்கள். உங்கள் வீட்டில் தங்கிப் படிக்கும் தம்பி, தங்கை, அண்ணன் மகள், அக்கா மகன்கூட இதில் வருவார்கள்.

வயது: டிசம்பர் 31 அன்று 19 வயது நிரம்பியிருக்கக் கூடாது. முழுநேர மாணவர் என்றால் 24 நிரம்பியிருக்கக் கூடாது. ஆண்டில் ஏதாவது ஐந்து மாதங்களில், அந்த மாதத்தின் ஒரு பகுதியிலாவது முழுநேர மாணவராக இருந்தால் போதும். ஐந்து மாதமும் தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை. ஜனவரி முதல் மே வரை படித்துப் பட்டம் வாங்கி ஜூனில் வேலைக்குச் சேர்ந்த 22 வயதுப் பிள்ளையும் வயது விதியில் தேறிவிடுவார். நிரந்தரமான, முழுமையான உடற்குறை உள்ள பிள்ளைக்கு வயது வரம்பு இல்லை.

வசிப்பிடம்: ஆண்டில் பாதிக்கு மேல் உங்களோடு வசித்திருக்க வேண்டும். காலேஜ் விடுதியில் இருப்பதும், கோடை விடுமுறைக்குத் தாத்தா பாட்டி வீட்டுக்குச் சென்னை போய் வருவதும் தற்காலிகப் பிரிவுதான். அந்த நாட்களும் உங்களோடு இருந்ததாகவே கணக்கு.

குடியுரிமை: அமெரிக்கக் குடிமகனாகவோ, வரிச்சட்டப்படி அமெரிக்க வாசியாகவோ இருக்க வேண்டும். கிரீன் கார்டு இல்லாவிட்டாலும், போதுமான நாட்கள் இங்கே தங்கியிருக்கும் எச்-4 (எச்-1பி ஊழியரின் குடும்பத்தாருக்கான விசா) பிள்ளைகள் பொதுவாக வரிக்கு வாசிகளாகவே கருதப்படுவார்கள்.

பிள்ளைக்குத் திருமணமாகி, கணவனோடோ மனைவியோடோ சேர்ந்து ரிட்டர்ன் போட்டிருந்தால் அநேகமாக முடியாது. பதின்வயதில் இது அபூர்வம் என்பதால் விட்டுவிடுகிறேன். மிச்சம் இருப்பது ஆதரவு விதி. வேலைக்குப் போகும் பிள்ளையின் விஷயத்தில் உண்மையில் இடிப்பது இது ஒன்றுதான். அதனால் அதைத் தனிப் படியாகப் பார்ப்போம்.

இரண்டாம் படி: ஆதரவுக் கணக்கைப் போடுங்கள்

விதி இப்படிச் சொல்கிறது: பிள்ளை தன் பராமரிப்புச் செலவில் பாதிக்கு மேல் தானே செய்திருக்கக் கூடாது. அவ்வளவுதான். நீங்கள் பாதிக்கு மேல் செலவழித்தீர்களா என்று சட்டம் கேட்கவில்லை. பாட்டி கொடுத்தது, ஸ்காலர்ஷிப் எதுவாக இருந்தாலும், பிள்ளையின் பையிலிருந்து பாதிக்கு மேல் போனதா என்பதுதான் கேள்வி.

இதில் கவனிக்க வேண்டியது 'செலவு' என்ற சொல். சம்பாதித்தது அல்ல. மகன் 14,000 சம்பாதித்து அப்படியே வங்கியில் போட்டுவைத்தால், அவன் தன்னைத் தானே ஆதரித்தது பூஜ்யம். சம்பளத்தில் பிடிக்கப்பட்ட வருமான வரியும் சோஷியல் செக்யூரிட்டி வரியும் ஆதரவுச் செலவில் சேராது. முழுநேர மாணவரான உங்கள் பிள்ளைக்குக் கிடைக்கும் ஸ்காலர்ஷிப்பும் சேராது. ஆனால் பிள்ளை தன் பெயரில், தன் பொறுப்பில் எடுத்த கல்விக் கடனிலிருந்து கட்டணம் கட்டினால், அது பிள்ளையே செய்த செலவாகக் கருதப்படும். பெரிய பல்கலைக்கழகங்களில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்.

எங்கள் மகனின் கணக்கையே வைத்துப் பார்ப்போம். நாங்கள் நான்கு பேர், வாடகை வீடு. மாத வாடகை 2,800 என்றால் ஆண்டுக்கு 33,600. சாப்பாட்டுக்கு ஆண்டுக்கு 12,000. மின்சாரம், எரிவாயு, தண்ணீர், இன்டர்நெட் எல்லாம் சேர்த்து 3,600. மொத்தம் 49,200. நான்கால் வகுத்தால் ஆளுக்கு 12,300. சொந்த வீடாக இருந்தால் மார்ட்கேஜ் தொகையை எடுக்காதீர்கள். அந்த வீடு வாடகைக்குப் போனால் எவ்வளவு கிடைக்குமோ அதை எடுக்க வேண்டும்.

இதோடு அவனுக்கென்று நாங்கள் தனியாகச் செய்தது: காலேஜ் கட்டணம் 3,200, மருத்துவக் காப்பீட்டில் அவன் பங்கு 1,900, துணிமணி 600. ஆக எங்கள் பக்கம் 18,000.

அவன் பக்கம்: 2025இல் கிடங்கு வேலையில் 14,000 சம்பாதித்தான். தன் பெயரில் 9,000க்குப் பழைய கார் வாங்கினான். அதன் இன்ஷூரன்ஸுக்கும் பெட்ரோலுக்கும் 2,400. வெளிச்சாப்பாடு, ஃபோன் எல்லாம் ஓராயிரம். மொத்தம் 12,400.

இரண்டையும் கூட்டினால் 30,400. பாதி 15,200. அவன் செய்தது 12,400தான். எனவே தேறிவிட்டான்.

இப்போது ஒரே ஒரு எண்ணை மாற்றிப் பாருங்கள். பழைய சேமிப்பையும் போட்டு 15,000 டாலர் காராக வாங்கியிருந்தால்? அவன் பக்கம் 18,400 ஆகிவிடும். மொத்தம் 36,400, பாதி 18,200. இருநூறு டாலர் வித்தியாசத்தில் அவன் எங்கள் தகுதிபெறும் பிள்ளை இல்லை. வருமானமும் 5,200ஐத் தாண்டியதால் இரண்டாவது வகைக்குள்ளும் வர மாட்டான். இது நான் பயமுறுத்தச் சொல்வதல்ல. பிள்ளை தன் சொந்தப் பணத்தில் கார் வாங்கியதால் பெற்றோர் டிபெண்டன்ட் உரிமையை இழக்கும் உதாரணம் ஐஆர்எஸ் வெளியிடும் பப்ளிகேஷன் 501இலேயே இருக்கிறது. பிள்ளை "கார் வாங்கப் போகிறேன்" என்று சொன்னால், டீலரிடம் போவதற்கு முன்பே இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள்.

கணக்குப் போட அதே வெளியீட்டில் ஒரு ஒர்க்‌ஷீட் இருக்கிறது. அச்சிட்டு நிரப்பி, ரசீதுகளோடு கோப்பில் வையுங்கள். ரிட்டர்னோடு அனுப்ப வேண்டாம். பின்னாளில் ஐஆர்எஸ் கேட்டால் அதுதான் உங்கள் கையில் இருக்கும் பதில்.

பள்ளியில் படிக்கும் 16 வயது மகளுக்கு இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. வீட்டுப் பங்கு மட்டுமே 12,300 இருக்கும்போது, கோடை வேலையில் சம்பாதித்த ஆறாயிரத்தை முழுதும் செலவழித்தாலும் அவள் பாதியைத் தொட மாட்டாள்.

மூன்றாம் படி: டிபெண்டன்ட்டாகக் காட்டினால் என்ன கிடைக்கும்?

டிசம்பர் 31 அன்று 17 வயது நிரம்பாத பிள்ளைக்கு சைல்டு டாக்ஸ் கிரெடிட். கிரெடிட் என்றால் கட்ட வேண்டிய வரியிலிருந்து நேராகக் கழியும் தொகை. 2025க்கு அது ஒரு பிள்ளைக்கு 2,200 டாலர். 2025 ஜூலையில் வந்த சட்டம் அதை 2,000இலிருந்து உயர்த்தியது. பிள்ளைக்கு வேலை செய்யத் தகுதியுள்ள சோஷியல் செக்யூரிட்டி எண் இருக்க வேண்டும். 2025 முதல் பெற்றோரில் ஒருவருக்காவது அதேபோல் இருக்க வேண்டும். கணவன் மனைவி சேர்ந்து போடும் ரிட்டர்னில் வருமானம் 4,00,000 டாலரையும், மற்றவர்களுக்கு 2,00,000 டாலரையும் தாண்டினால் இது படிப்படியாகக் குறையும்.

17 நிரம்பிவிட்டால் அந்த 2,200 போய், 500 டாலர் கிரெடிட் மட்டும். பிள்ளையின் 17ஆவது பிறந்தநாள் டிசம்பர் 31ஆகவே இருந்தாலும் அந்த ஆண்டு முழுக்க அவருக்கு 17தான். சோஷியல் செக்யூரிட்டி எண் கிடைக்காதவர்களுக்கு ஐஆர்எஸ் தரும் ஐடிஐஎன் எண் மட்டும் வைத்திருக்கும் எச்-4 பிள்ளைக்கும், வயது எதுவானாலும், இந்த 500தான்.

காலேஜ் போகும் பிள்ளை என்றால் அமெரிக்கன் ஆப்பர்ச்சூனிட்டி கிரெடிட். முதல் 2,000 டாலர் கல்விச் செலவு முழுதும், அடுத்த 2,000இல் கால் பங்கும், ஆக அதிகபட்சம் 2,500. எங்கள் மகனின் கட்டணம் 3,200. எனவே 2,000 கூட்டல் 1,200இல் கால் பங்கான 300, ஆக 2,300. இளங்கலையின் முதல் நான்கு ஆண்டுகளுக்கு மட்டும்தான் இது. சேர்ந்து ரிட்டர்ன் போடும் தம்பதிக்கு 1,60,000இல் குறையத் தொடங்கி 1,80,000இல் நின்றுவிடும். பிள்ளை டிபெண்டன்ட் என்றால் இந்தக் கிரெடிட்டைப் பெற்றோர் மட்டுமே எடுக்க முடியும். கட்டணத்தைப் பிள்ளையே தன் சம்பளத்திலிருந்து கட்டியிருந்தாலும் நீங்கள் கட்டியதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். கட்டண விவரத்தைக் காட்டிக் காலேஜ் அனுப்பும் 1098-டி தாளைப் பத்திரமாக வையுங்கள்.

ஆக, 18 வயது மகனால் எங்களுக்கு 500ம் 2,300ம், 16 வயது மகளால் 2,200. மொத்தம் 5,000 டாலர். இதைத் தவிர, தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்க்கோ தந்தைக்கோ ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்டு நிலை கிடைக்கலாம். வரி போடும் முன் வருமானத்திலிருந்து கழிக்கும் நிலையான தொகைக்கு ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் என்று பெயர். 2025க்கு அவர்களின் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 23,625; தனிநபருக்கு 15,750. வருமானம் குறைவான குடும்பங்கள் எர்ன்ட் இன்கம் கிரெடிட்டையும் பார்க்க வேண்டும்.

நான்காம் படி: பிள்ளை தனியாக ரிட்டர்ன் போட வேண்டுமா?

டிபெண்டன்ட்டாக இருப்பதும் தன் பெயரில் ரிட்டர்ன் போடுவதும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கலாம்.

சம்பளம் மட்டும்தான் வருமானம் என்றால், 2025இல் 15,750 டாலரைத் தாண்டினால்தான் ரிட்டர்ன் கட்டாயம். அதற்குக் கீழே இருந்தாலும், பிடித்த வரியைத் திரும்ப வாங்க ரிட்டர்ன் போடுவது நல்லது.

வேலை கொடுத்தவர் தரும் ஆண்டுச் சம்பளத் தாளான மகளின் டபிள்யூ-2வைப் பாருங்கள். 400 மணி நேரம், மணிக்கு 15.49 டாலர். பெட்டி 1இல் 6,196. பெட்டி 2இல், அதாவது மத்திய வருமான வரியாகப் பிடித்தது 212. பெட்டி 4இல் சோஷியல் செக்யூரிட்டிக்கு 384.15. பெட்டி 6இல் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேருக்கு 89.84. டிபெண்டன்ட்டின் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் என்பது சம்பளத்தோடு 450ஐக் கூட்டினால் வருவது. அது குறைந்தது 1,350, அதிகபட்சம் 15,750. மகளுக்கு 6,196 கூட்டல் 450, ஆக 6,646. சம்பளத்தைவிட அது அதிகம். எனவே வரி பூஜ்யம், 212ம் அவளுக்கே திரும்பும். பெட்டி 4ம் 6ம் திரும்பாது. அது அவளுடைய பிற்காலக் கணக்கில் சேர்ந்துவிட்டது. "என் பணத்தை ஏன் முழுசாகத் தரவில்லை?" என்று கேட்டபோது இந்தப் பெட்டிகளை விரல் வைத்துக் காட்டித்தான் புரியவைத்தேன்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அவள் தன்னை டிபெண்டன்ட் என்று சொன்னாலும் கிடைப்பது 212தான், இல்லை என்று சொன்னாலும் 212தான். சம்பளம் மட்டும் உள்ள பிள்ளைக்கு 'இல்லை' என்று அழுத்துவதால் ஒரு காசு லாபம் கிடையாது. பெற்றோருக்கோ 2,200 டாலர் சிக்கலில் மாட்டும்.

வட்டி வருமானம் கலந்தால் கதை மாறும். நம் வீடுகளில் இது நிறைய நடக்கிறது. தாத்தா ஊரில் பேத்தி பெயரில் ஃபிக்சட் டெபாசிட் போட்டிருப்பார். அந்த வட்டி இந்தியாவில் இருந்தாலும் அமெரிக்காவில் பேத்தியின் வருமானம்தான். இதே 6,196 சம்பளத்தோடு 600 டாலர் வட்டியும் வந்திருந்தால் மொத்தம் 6,796. டிடக்‌ஷன் 6,646தான். மீதி 150க்குப் பத்து சதவீதம், சுமார் 15 டாலர் வரி. தொகை சின்னதுதான், ஆனால் இப்போது ரிட்டர்ன் போடுவது கட்டாயமாகிவிட்டது. வட்டி, டிவிடெண்ட், பங்கு லாபம் எல்லாம் சேர்த்து 2,700ஐத் தாண்டினால் மிச்சத்துக்குப் பெற்றோரின் வரி விகிதமே வரும். அதற்குப் படிவம் 8615. இந்தியக் கணக்குகளில் பிள்ளை பெயரில் இருக்கும் தொகை எல்லாம் சேர்த்து ஆண்டில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தால், பிள்ளை பெயரில் எஃப்பார் என்ற வெளிநாட்டு வங்கிக் கணக்கு அறிக்கையும் தாக்கல் செய்ய வேண்டும். வயது குறைவு என்பதால் அதிலிருந்து விலக்கு கிடையாது. ஊருக்கு ஒரு ஃபோன் போட்டு, எந்த வங்கியில் யார் பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்டுவிடுங்கள்.

டியூஷன் எடுப்பது, புல்வெட்டுவது, வீடியோ எடிட் செய்து கொடுப்பது என்று சொந்தமாகச் சம்பாதித்தால், செலவு போக 400 டாலர் நின்றாலே ரிட்டர்ன் போட வேண்டும். வருமான வரி இல்லாவிட்டாலும் செல்ஃப்-எம்ப்ளாய்மென்ட் வரி 15.3 சதவீதம் உண்டு; லாபத்தின் 92.35 சதவீதத்துக்கு அதைக் கணக்கிடுவார்கள். கையில் ரொக்கமாக வாங்கினாலும் இதுதான் விதி.

ஐந்தாம் படி: அந்தக் கட்டத்தில் டிக் போடவையுங்கள்

பிள்ளையின் ரிட்டர்ன் படிவமான 1040இல் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் பகுதியில், உங்களை வேறொருவர் டிபெண்டன்ட்டாகக் காட்ட முடியும் என்று ஒரு கட்டம் இருக்கிறது. மென்பொருளில் இது கேள்வியாக வரும். 'ஆம்' என்பதுதான் பதில்.

'காட்ட முடியுமா' என்பதுதான் கேள்வி, 'காட்டுகிறார்களா' என்பதல்ல. விதிப்படி முடியும் என்றால், பெற்றோர் வேண்டாமென்று விட்டிருந்தாலும் டிக் போட வேண்டும். சில மென்பொருள்கள் அடுத்தபடியாக, பெற்றோர் உண்மையிலேயே காட்டப்போகிறார்களா என்று இன்னொரு கேள்வி கேட்கும். அதற்கும் நிதானமாகப் பதில் சொல்லச் சொல்லுங்கள்.

என் அனுபவத்தில் சிறந்த வழி, இரண்டு ரிட்டர்னையும் ஒரே நாளில், ஒரே மேஜையில் உட்கார்ந்து போடுவது. முதலில் குடும்ப ரிட்டர்ன், அது ஏற்கப்பட்டதும் பிள்ளையின் ரிட்டர்ன். கீபோர்டு பிள்ளையின் கையில் இருக்கட்டும். நாமே எல்லாவற்றையும் நிரப்பிக் கொடுத்தால் அடுத்த ஆண்டு காலேஜிலிருந்து தனியாகப் போடும்போது மறுபடியும் அதே பிழை வரும். முதல்முறை இ-ஃபைல் செய்யும் பிள்ளையிடம் போன ஆண்டின் ஏஜிஐ (சில கழிவுகள் போக வரும் வருமானம்) கேட்டால் பூஜ்யம் போட வேண்டும். ரீஃபண்டுக்குப் பிள்ளையின் பெயரில் வங்கிக் கணக்கு இருக்கட்டும். காகிதக் காசோலை அனுப்புவதை ஐஆர்எஸ் 2025 செப்டம்பர் முடிவிலிருந்து படிப்படியாகக் குறைத்துவருகிறது.

சம்பள வருமானம் மட்டும் உள்ள எளிய ரிட்டர்னுக்குக் காசு கொடுக்க வேண்டாம். ஐஆர்எஸ் தளத்திலிருந்தே போகும் ஃப்ரீ ஃபைல் வழி இருக்கிறது. பல ஊர் நூலகங்களில் வீட்டா (VITA) என்ற வரி உதவித் திட்டத்தின் தன்னார்வலர்கள் இலவசமாகவே போட்டுத் தருகிறார்கள்.

பிள்ளை ஏற்கெனவே தப்பாக அனுப்பிவிட்டால்?

முதலில், இ-ஃபைல் போக வேண்டும் என்பதற்காகப் பிள்ளையை உங்கள் ரிட்டர்னிலிருந்து நீக்கிவிடாதீர்கள். அவசரத்தில் பலர் செய்வது அதுதான்.

ஐஆர்எஸ் தளத்தில் உங்கள் பெயரில் ஐபி பின் என்ற ஆறு இலக்க அடையாள எண்ணை வாங்குங்கள். 2025 தாக்கல் பருவத்திலிருந்து, வேறொரு ரிட்டர்னில் ஏற்கெனவே காட்டப்பட்ட டிபெண்டன்ட் இருந்தாலும், முதன்மை வரிதாரரின் ஐபி பின் இருந்தால் இ-ஃபைலை ஏற்கிறார்கள். 2024இல் எனக்கு இந்த வசதி இல்லை. அப்படியும் ஏற்காவிட்டால் தாளில் கையெழுத்திட்டுத் தபாலில் அனுப்புங்கள், தாமதமாகும், அவ்வளவுதான்.

பிள்ளையின் பக்கம், முதல் ரிட்டர்ன் நடைமுறை முடிந்து ரீஃபண்ட் வந்தபிறகு, 1040-எக்ஸ் படிவத்தில் அந்தக் கட்டத்தை டிக் செய்து திருத்தம் அனுப்ப வேண்டும். சம்பளம் மட்டும் என்றால் வரி மாறாது, திருப்பிக் கட்ட ஒன்றும் இருக்காது. அதை அப்படியே விட்டுவிட்டால் ஐஆர்எஸ் இரு தரப்புக்கும் கடிதம் அனுப்பும்.

பெற்றோர் பிரிந்து வாழ்ந்தால்

ஆண்டில் அதிக இரவுகள் யார் வீட்டில் பிள்ளை இருந்தாரோ அவருக்கே உரிமை. இரவுகள் சமமானால் வருமானம் அதிகமுள்ளவருக்கு. உரிமையுள்ளவர் படிவம் 8332இல் கையெழுத்திட்டுக் கொடுத்தால் மற்றவர் சைல்டு டாக்ஸ் கிரெடிட்டை எடுக்கலாம். வாய்ப்பேச்சை நம்பாதீர்கள், பிப்ரவரிக்கு முன்பே எழுத்தில் முடித்துவிடுங்கள்.

எச்-4 பிள்ளைகளின் பெற்றோருக்கு

இதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளை சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது. எச்-4 ஈஏடி (வேலை அனுமதி அட்டை) என்பது சில எச்-1பி ஊழியர்களின் கணவன் அல்லது மனைவிக்கு மட்டும், பிள்ளைகளுக்கு இல்லை. கூடப் படிக்கும் பிள்ளைகள் கோடையில் காபிக் கடையில் நிற்கும்போது நம் பிள்ளை ஏங்குவதைப் பார்க்கக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் "ரொக்கம்தானே, யாருக்குத் தெரியும்" என்று தொடங்கினால் அது பின்னாளில் கிரீன் கார்டு விண்ணப்பத்தில் வந்து நிற்கும். கிரீன் கார்டு விண்ணப்பமான ஐ-485 தாக்கலாகி அதன் மூலம் பிள்ளைக்கு ஈஏடி அட்டை வந்துவிட்டால் தாராளமாக வேலை பார்க்கலாம். அப்போது சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் கிடைக்கும், மேலே சொன்ன எல்லாமும் பொருந்தும்.

மாநிலங்கள், காப்பீடு, இன்னும் சில

மாநில வரி தனிக் கதை. எங்கள் நியூஜெர்சியில் 10,000 டாலர் வரை சம்பாதித்த தனிநபர் ரிட்டர்ன் போட வேண்டிய கட்டாயமில்லை. ஆனால் பிடித்ததைத் திரும்ப வாங்கப் போட்டாக வேண்டும். 22 வயதுக்குள் முழுநேரமாகக் காலேஜ் படிக்கும் டிபெண்டன்ட்டுக்கு நியூஜெர்சியில் பெற்றோருக்குக் கூடுதலாக 1,000 டாலர் வரிவிலக்குத் தொகை இருக்கிறது. பென்சில்வேனியாவில் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷனே இல்லை, கோடை வேலைக்கும் 3.07 சதவீதம் போகும். டெக்சாஸ், ஃபுளோரிடாவில் சம்பளத்துக்கு மாநில வரி கிடையாது.

அரசின் காப்பீட்டுச் சந்தையான மார்க்கெட்ப்ளேஸ் மூலம் மருத்துவக் காப்பீடு வாங்கி மானியம் பெறும் குடும்பங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டிபெண்டன்ட் பிள்ளைக்கு ரிட்டர்ன் கட்டாயமாகும் அளவுக்கு வருமானம் இருந்தால், அது குடும்ப வருமானத்தில் சேர்ந்து மானியத்தைக் குறைக்கும். ரீஃபண்டுக்காக மட்டும் போட்டால் சேராது.

காலேஜ் உதவித்தொகைக்கான ஃபாஃப்ஸா படிவத்தில் பிள்ளை டிபெண்டன்ட்டா என்பதை வேறு விதிகள் தீர்மானிக்கின்றன. வரியில் காட்டாமல் விட்டால் உதவித்தொகை கூடும் என்று சிலர் சொல்வது சரியில்லை.

வேலையில் சேரும் நாளில் கொடுக்கும் வரிப்பிடித்தப் படிவமான டபிள்யூ-4ஐயும் நீங்கள் ஒருமுறை பாருங்கள். போன ஆண்டு வருமான வரி எதுவும் வரவில்லை, இந்த ஆண்டும் வராது என்றால் வரிப்பிடித்தத்திலிருந்து விலக்கு கேட்கலாம். பிள்ளைக்கு வட்டி வருமானம் இருந்தால் வேண்டாம். விலக்கு அடுத்த ஆண்டு பிப்ரவரி நடுவில் காலாவதியாகும், திரும்பக் கொடுக்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ராத் ஐஆர்ஏ என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கு. பிள்ளை எவ்வளவு சம்பாதித்தாரோ அவ்வளவு வரை, 2025க்கு அதிகபட்சம் 7,000 டாலர் போடலாம். பிள்ளையின் பணமாகவே இருக்க வேண்டும் என்றில்லை. நீங்களும் பரிசாகப் போடலாம். 2025க்கான தொகையை 2026 ஏப்ரல் 15 வரை செலுத்தலாம். மகளிடம், அவள் அதில் போடும் ஒவ்வொரு டாலருக்கும் நான் ஒரு டாலர் போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அந்த 212 டாலர் ரீஃபண்ட் வந்த அன்று பாதியை அங்கே போட்டாள், மீதியில் அண்ணனுக்கும் சேர்த்துப் பிரியாணி வாங்கி வந்தாள்.

பழைய ஆண்டுகளில் பிள்ளைக்குப் பிடித்த வரியை வாங்காமலே விட்டிருந்தால் மூன்று ஆண்டுகள் வரை கேட்கலாம். 2022ஆம் ஆண்டுக்கு 2026 ஏப்ரல் 15தான் கடைசி. அலமாரியில் பிரிக்காத டபிள்யூ-2 உறை ஏதாவது இருக்கிறதா என்று இன்றைக்கே தேடிப் பாருங்கள்.